கறுப்புச் சாயம் பூசிய சிறுமி: ஸ்பானிய வழி அமெரிக்கர்களின் தொடக்ககாலப் புதினங்கள்

(இலக்கிய வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1872ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து ஒரு புதினம் வெளிவந்தது. நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. ‘யார்தான் நினைத்திருப்பார்கள்?’ என்ற பொருள்தரும் கேள்வியே அதன் தலைப்பு. உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. வடக்கு மாநிலங்கள் வென்றிருந்தன. அடிமை முறை சட்டத்திலிருந்து நீங்கியிருந்தது. மனித விடுதலைக்காக இரத்தம் சிந்தியவர்கள் நாங்கள் என்ற பெருமிதத்தில் வடபுலத்து நடுத்தர வர்க்கம் திளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பெருமிதத்தின் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்தது அந்தப் புதினம்.

கதையின் தொடக்கக் காட்சியைச் சொல்கிறேன். நியூ இங்கிலாந்து பகுதியில் ஒரு சிற்றூர். டாக்டர் நார்வல் என்ற நிலவியல் அறிஞர் தென்மேற்குப் பயணத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அவருடன் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இறங்குகிறாள். அவள் தோல் கறுப்பு. மருத்துவரின் மனைவி ஜெமைமா அடிமை ஒழிப்பில் ஆழ்ந்த பற்றுள்ளவர். தேவாலயத்துக்குத் தவறாமல் செல்பவர். தெற்கத்திய பண்ணையார்களின் கொடுமையை நினைத்து உருகுபவர். அத்தகைய அம்மையார் அந்தக் குழந்தையைப் பார்த்ததும் அருவருப்பில் பின்வாங்குகிறார். இவளைத் தொடவும் கூசுகிறது, வேலைக்காரர்களோடு படுக்கட்டும் என்பதே அவரது முடிவு. அவருடைய மகள்கள் குழந்தையின் உதட்டையும் கையையும் ஆராய்ந்து கேலி பேசுகிறார்கள்.

அதன் பிறகுதான் மருத்துவர், தான் கொண்டுவந்த பெட்டிகளைத் திறக்கிறார். கல் மாதிரிகள் என்று வீட்டார் எண்ணியிருந்த பெட்டிகளில் தங்கமும் மணிகளும் மின்னுகின்றன. அத்தனையும் அந்தச் சிறுமிக்குச் சொந்தம். அம்மையாரின் குரல் அந்த நொடியே மாறிவிடுகிறது. தொடக் கூசிய குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது இப்போது கிறித்தவக் கடமையாகிவிடுகிறது. பிறகு அந்தக் குடும்பம் நியூயார்க்கின் மாளிகை வாழ்வுக்கு உயர்வதும் அந்தத் தங்கத்தின் மேல்தான்.

லோலா மெதினா என்ற அந்தச் சிறுமி உண்மையில் கறுப்பினத்தவள் அல்லள். மெக்சிகோவின் உயர்குடியில் பிறந்தவள். அவளது தாயைச் சிறைப்பிடித்த பழங்குடியினர், தாயும் மகளும் அடையாளம் தெரியாமல் இருப்பதற்காக அவர்கள் உடலில் சாயம் பூசியிருந்தார்கள். நாளாக ஆகச் சாயம் வெளுக்கிறது. தோலின் நிறம் மாற மாற அந்த வீட்டாரின் அன்பும் அளவு மாறுகிறது. சாயத்துக்குத் தக்க ஏறி இறங்கும் அன்பை எந்தப் பெயரால் அழைப்பது? நூலின் கேள்வி இதுதான்.

தோழர்களே, இந்த நூலை எழுதியவர் ஒரு பெண். பெயர் மரியா அம்பாரோ ரூயிஸ் டி பர்ட்டன். ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் புதினம் எழுதியவர். அவரது எழுத்தைப் புரிந்துகொள்ள, அவரை உருவாக்கிய வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும்.

1846இல் அமெரிக்க ஐக்கிய நாடு மெக்சிகோவின் மீது போர் தொடுத்தது. 1848 பிப்ரவரி 2 அன்று குவாதலூபே இதால்கோ உடன்படிக்கை கையெழுத்தானது. கலிபோர்னியா, நெவாடா, யூட்டா ஆகியவை முழுமையாகவும், அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் பெரும்பங்கும், வேறு சில நிலப்பரப்புகளும் அமெரிக்காவின் கைக்குச் சென்றன. முன்னரே பறிபோயிருந்த டெக்சாசையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது. அங்கே வாழ்ந்த மெக்சிகோ மக்கள் இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே அன்னிய நாட்டின் குடிகளானார்கள். எல்லைக் கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. அவர்களது உடைமைக்கும் உரிமைக்கும் உடன்படிக்கை பாதுகாப்பு அளித்தது. ஆனால் நிலக்கொடைகளைத் தெளிவாக உறுதிசெய்த பத்தாவது பிரிவை, ஒப்புதல் அளிக்கும்போதே அமெரிக்க செனட் சபை நீக்கிவிட்டது.

அடுத்து வந்தது 1851ஆம் ஆண்டின் கலிபோர்னியா நிலச் சட்டம். ஸ்பெயின் அல்லது மெக்சிகோ அரசிடமிருந்து நிலம் பெற்ற ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தின் முன் தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் நிலம் அரசின் பொது நிலமாகிவிடும். எண்ணூறுக்கும் மேற்பட்ட உரிமைக் கோரிக்கைகள் குவிந்தன. ஆணையம், மாவட்ட நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்குகள் பல்லாண்டுகள் இழுத்தன. விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. வழக்கறிஞர் கட்டணத்துக்கே நிலம் கைமாறியது. வென்றவரும் பல வேளைகளில் தோற்றவராகவே வீடு திரும்பினார். துப்பாக்கியால் வென்ற நிலத்தைச் சட்டப் புத்தகத்தால் இரண்டாம் முறை வென்றார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தப் போர்தான் மரியா அம்பாரோவின் வாழ்வையும் திசைதிருப்பியது. அவர் பாஹா கலிபோர்னியாவின் லொரேத்தோவில் 1830களின் தொடக்கத்தில் பிறந்தவர். பாட்டனார் அங்கே ஆளுநராக இருந்தவர். போரின்போது லா பாஸ் நகரைப் பிடிக்க வந்த அமெரிக்கப் படையின் அதிகாரி ஹென்றி பர்ட்டன். உடன்படிக்கைக்குப் பின் பாஹா பகுதி மெக்சிகோவிடமே திரும்பிற்று. அமெரிக்கருக்கு ஆதரவாக இருந்தவர்கள் கப்பலேறி மான்டரே நகருக்கு வந்தார்கள். 1849இல் அந்நகரில் பர்ட்டனுக்கும் மரியாவுக்கும் திருமணம் நடந்தது. மணமகள் கத்தோலிக்கர், மணமகன் புராட்டஸ்டன்ட். அக்காலத்தில் அதுவே பெரும் சலசலப்பு. சான் டியேகோ அருகே ஹாமுல் என்ற பண்ணையை அவர்கள் வாங்கினார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கணவருடன் கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்தபோது, வாஷிங்டனின் அரசியல் வட்டாரத்தை அவர் அருகிருந்து பார்த்தார். 1869இல் கணவர் இறந்தார். எஞ்சியவை கடனும் நில வழக்குகளும். இந்தச் சூழலில்தான் அவர் பேனாவை எடுத்தார்.

வாஷிங்டனில் அவர் கண்டது முதல் புதினத்தில் அப்படியே இறங்கியிருக்கிறது. ஜெமைமாவின் தங்கை லவீனியா போர்க்காலத்தில் காயமுற்றோருக்குச் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளுடைய சகோதரன் ஐசக் தெற்கத்தியர் சிறையில் வாடுகிறான். கைதிகள் பரிமாற்றம் நடக்கிறது. ஆனால் ஓர் அரசியல்வாதியின் சொந்தப் பகை காரணமாக ஐசக்கின் பெயர் விடுபட்டுப்போகிறது. லவீனியா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். நாட்டுக்காக உழைத்த பெண் என்பதால் எந்தக் கதவும் திறக்கவில்லை. குடியரசு, விடுதலை, தியாகம் என்ற சொற்கள் மேடையில் முழங்க, கோப்புகள் மேசையில் உறங்குகின்றன. இன்னொருபுறம் ஹாக்வெல் என்ற போதகர், வாயில் வேதமும் கண்ணில் லோலாவின் செல்வமுமாக அந்த வீட்டுக்குள் நுழைந்து ஜெமைமாவையே மயக்கிவிடுகிறார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1885இல், ‘ஆக்கிரமிப்பாளரும் நிலக்கிழாரும்’ என்ற பொருள்தரும் தலைப்பில் அவரது இரண்டாவது புதினம் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்தது. இம்முறை ‘சி. லாயல்’ என்ற புனைபெயர். மெக்சிகோவில் அரசுக் கடிதங்களின் கீழே ‘விசுவாசமுள்ள குடிமகன்’ என்று ஒப்பமிடும் வழக்கத்திலிருந்து எடுத்த பெயர். விசுவாசமான குடிமக்களை இந்த நாடு எப்படி நடத்துகிறது என்ற கேலி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

கதை சான் டியேகோவில் நிகழ்கிறது. தான் மரியானோ ஆலமார் ஒரு கால்நடைப் பண்ணையின் உரிமையாளர். வழக்கு முடியாத நிலம் என்ற சாக்கில் வெள்ளைக் குடியேறிகள் அதில் புகுந்து வேளாண்மை செய்கிறார்கள். பயிருக்கு வேலி போட வேண்டியது பயிரிடுபவரின் கடமையன்று, மாட்டைத் தடுக்க வேண்டியது மாட்டுக்காரரின் கடமை என்று சட்டம் மாற்றப்படுகிறது. வேலியில்லாப் பயிரில் மேய்ந்த மாடுகள் சுட்டுக்கொல்லப்படுகின்றன. ஆலமார் குடியேறிகளை அழைத்துப் பேசுகிறார். இது மழை குறைந்த நிலம், கோதுமை நட்டம் தரும், கால்நடை வளர்ப்புக்கு வாருங்கள், தொடக்கத்துக்கு மாடுகளை நானே தருகிறேன், பணத்தைப் பிறகு கொடுங்கள் என்கிறார். அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். தோற்றவனிடமிருந்து கற்றுக்கொள்ள வென்றவனின் இனச் செருக்கு இடம்கொடுப்பதில்லை.

ஆனால் அந்த நூல் அங்கே நின்றுவிடவில்லை. நிலக்கிழாரும் குடியேறிகளும் மோதிக்கொண்டிருக்க, இரு தரப்பையும் விழுங்கும் பெரிய வாய் ஒன்று பின்னால் திறக்கிறது. அதுதான் இரயில்வே ஏகபோகம். சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் ஸ்டான்ஃபோர்டு, ஹண்டிங்டன், கிராக்கர், ஹாப்கின்ஸ் ஆகிய நால்வர் கலிபோர்னியாவின் போக்குவரத்தைத் தம் பிடியில் வைத்திருந்தனர். சான் டியேகோவுக்கு வரவிருந்த டெக்சாஸ் பசிபிக் பாதை வராமல் போனதில் அவர்களின் கை இருந்தது. காங்கிரஸ் உறுப்பினர்களை எப்படி வளைப்பது என்று ஹண்டிங்டன் தன் கூட்டாளி கோல்டனுக்கு எழுதிய கடிதங்கள் 1880களில் நீதிமன்றம் வழியாக வெளியாகி நாட்டையே அதிரவைத்தன. புதினம் அந்தக் கடிதங்களையும் சான்றாக எடுத்தாள்கிறது. பாதை வரும் என்று நம்பிச் சான் டியேகோவில் முதலிட்டவர்கள் அழிகிறார்கள். ஆலமாரும் அவரது நண்பர்களும் ஸ்டான்ஃபோர்டை நேரில் கண்டு முறையிடும் காட்சி நூலின் உச்சம். அவர்களது துயரம் அந்த முதலாளியின் கணக்கேட்டில் ஒரு வரியாகக்கூட ஏறுவதில்லை. இதில் ஒரு கசப்பான பொருத்தமும் உண்டு. புதினம் வெளியான அதே 1885இல்தான் ஸ்டான்ஃபோர்டு செனட் உறுப்பினரானார். தம் குடும்பப் பெயரில் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார்.

முடிவில் ஆலமார் மனமுடைந்து இறக்கிறார். நிலக்கிழாரின் மகன் காபிரியேல் கட்டட வேலையில் சாந்து சுமக்கும் கூலியாகி, ஏணியிலிருந்து விழுந்து நொறுங்குகிறான். உடைமை வர்க்கம் ஒன்று ஒரே தலைமுறையில் கூலிப் பட்டாளத்துக்குள் எப்படித் தள்ளப்படுகிறது என்பதை அக்காலத்துப் பொருளாதார நூல்களைவிட இந்தக் காட்சி கூர்மையாகக் காட்டுகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பாராட்டோடு உரையை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் நாம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. அந்தப் பண்ணை நிலம் ஆலமாருக்கு எங்கிருந்து வந்தது?

ஹாமுல் பண்ணையையே எடுத்துக்கொள்வோம். அது குமேயாய்ப் பழங்குடியினர் காலங்காலமாக வாழ்ந்த மண். ஸ்பானியரும் மெக்சிகோ உயர்குடியினரும் அவர்களிடமிருந்து அதைப் பறித்த பின்தான் அமெரிக்கர்கள் வந்தார்கள். பண்ணைகளில் மாடு மேய்த்ததும் தோல் உரித்ததும் பழங்குடி உழைப்பே. 1850இல் கலிபோர்னியா சட்டமன்றம் ‘இந்தியர்களின் பாதுகாப்பு’ என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. வேலையின்றித் திரிபவர் என்று குற்றம் சாட்டப்பட்ட பழங்குடி மனிதரை ஏலத்தில் கூலிக்கு விடவும், அவர்களது குழந்தைகளைக் கொத்தடிமைகளாக வைத்துக்கொள்ளவும் அது வழி திறந்தது. அடிமை முறை இல்லாத மாநிலம் என்று மார்தட்டிய கலிபோர்னியாவில் நடந்தது இது. 1848க்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் படுகொலையாலும் பட்டினியாலும் நோயாலும் அப்பழங்குடி மக்கள் பெருமளவில் அழிந்தனர்.

பாசாங்கைத் தோலுரிப்பதில் தேர்ந்த இந்த எழுத்தாளரின் கண்ணுக்கு அது படவில்லை. அவரது நூல்களில் பழங்குடியினர் காட்டுமிராண்டிகளாகவோ சோம்பேறி வேலையாட்களாகவோ வந்துபோகிறார்கள். லோலாவின் கதையையே மீண்டும் எண்ணிப் பாருங்கள். கறுப்பு ஒரு சாயம், கழுவினால் போய்விடும், உள்ளே தூய வெள்ளை என்பதுதானே அங்கே தீர்வு? ‘எங்களையும் வெள்ளையராக எண்ணாமல் போனீர்களே’ என்பது ஆசிரியரின் மனக்குறை. சாயம் கழுவ முடியாத கறுப்புச் சிறுமி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புதினம் கேட்பதில்லை. இரண்டாம் புதினத்தின் இறுதியில், ஏகபோகத்தின் கீழ் நசுங்கும் கலிபோர்னிய மக்களை ‘வெள்ளை அடிமைகள்’ என்று அவர் அழைக்கிறார். அந்த நால்வரின் பாதையைச் சியர்ரா நெவாடா மலையைக் குடைந்து அமைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1882இல் சீனத் தொழிலாளர் வருகைக்கே தடைச் சட்டம் வந்தது. ‘வெள்ளை அடிமைகள்’ என்ற சொல்லுக்குள் அவர்களுக்கு இடமில்லை.

அப்படியானால் இந்நூல்களை ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. 1888 ஏப்ரலில் மார்கரெட் ஹார்க்னஸ் என்ற எழுத்தாளருக்கு எங்கெல்ஸ் எழுதிய கடிதத்தை நம் தோழர்கள் அறிவார்கள். பால்சாக் அரசியலில் மன்னராட்சி ஆதரவாளர். அவரது பரிவெல்லாம் அழிந்துகொண்டிருந்த பிரபுக்கள் பக்கம். ஆயினும் அவரது யதார்த்தம் அந்தப் பரிவையும் மீறி அந்த வர்க்கத்தின் வீழ்ச்சியை உள்ளபடி காட்டிற்று என்பது எங்கெல்ஸின் மதிப்பீடு. ரூயிஸ் டி பர்ட்டனுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். தன் வர்க்கத்துக்கு நீதி கேட்க வந்தவர், மூலதனத்தின் முன் எந்த நீதியும் நிற்காது என்பதைக் காட்டிவிட்டுப் போனார். ஆசிரியரைவிட அவரது புதினத்துக்கு அதிகம் தெரிந்திருக்கிறது.

அவரது வாழ்வும் அவரது கதைமாந்தரின் வாழ்வைப் போலவே முடிந்தது. நில வழக்குகளைப் பல்லாண்டுகள் தாமே நடத்தி, 1895இல் சிக்காகோவில் வறுமையில் இறந்தார். நூல்களும் மறக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ரொசாவுரா சான்செஸ், பியாட்ரிஸ் பீட்டா என்ற இரு பெண் ஆய்வாளர்களின் உழைப்பால் 1992இலும் 1995இலும் ஹூஸ்டனின் ஆர்த்தே பூப்ளிக்கோ பதிப்பகம் அவற்றை மீண்டும் அச்சிட்டது.

அவர் காட்டாத மனிதர்கள் இலக்கியத்துக்குள் வர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1928இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஸ்பானிய நாளேடு ஒன்றின் வெளியீடாக ‘தான் சிப்போத்தேயின் சாகசங்கள்’ வெளிவந்தது. எழுதியவர் டேனியல் வெனேகாஸ். உழைப்பாளி மக்களுக்காகக் கேலி வார இதழ் நடத்தியவர். கதை நாயகன் மெக்சிகோவின் ஏழை உழவன். அமெரிக்காவில் தெருவெல்லாம் தங்கம் என்று ஊர் திரும்பியவன் அளந்த கதையை நம்பி, மனைவி மக்களை விட்டு வடக்கே நடக்கிறான். எல்லையில் அவனை அழுக்கு மூட்டையாகக் கருதிக் குளிப்பாட்டி, உடைகளைக் கிருமிநீக்கம் செய்துதான் உள்ளே விடுகிறார்கள். இது வெறும் கற்பனையன்று. எல் பாசோ பாலத்தில் இத்தகைய கட்டாயக் குளியலை எதிர்த்து, 1917 ஜனவரியில், வீட்டு வேலைக்கு எல்லை தாண்டிச் செல்லும் மெக்சிகோப் பெண்கள் கிளர்ந்தெழுந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள்.

சிப்போத்தேக்குக் கிடைக்கும் வேலை எது தெரியுமா? இரயில் பாதையில் கட்டை மாற்றுவதும் கல் கொட்டுவதும். நிலக்கிழாரை அழித்த அதே தொழில்தான் உழவனின் முதுகெலும்பையும் ஒடிக்கிறது. வாங்கும் கூலியைப் பாதை ஓரத்து மளிகைக் கடையே பிடுங்கிக்கொள்கிறது. இங்கே கண்ணீர்க் காட்சிகள் இல்லை. தொழிலாளி தன்னைப் பார்த்தே சிரிக்கும் சிரிப்பு இருக்கிறது. தன் நாட்டாரையே சுரண்டும் மெக்சிகோ ஒப்பந்தக்காரனையும் அந்தச் சிரிப்பு விட்டுவைப்பதில்லை. கிளிகள் பால் குடிக்கும் நாளில்தான் மெக்சிகோக்காரன் அங்கே பணக்காரனாவான் என்ற பழமொழி நூல் தலைப்பிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டே பெருமந்தம் வந்தது. 1930களில் இலட்சக்கணக்கான மெக்சிகோ வம்சத்தினர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள் உட்பட, எல்லைக்கு அப்பால் விரட்டப்பட்டனர். பாதை போட ஆள் வேண்டும்போது கதவு திறந்தது. தேவை தீர்ந்ததும் சாத்தப்பட்டது.

தோழர்களே, 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஸ்பானிய வழி மக்கள் ஆறு கோடிக்கும் மேல். அந்நாட்டு வயல்களிலும் கட்டடங்களிலும் உணவகச் சமையலறைகளிலும் உழைப்பவர்களில் கணிசமானோர் அவர்கள். அவர்களை ‘வந்தேறிகள்’ என்று ஏசும் குரல் இன்றும் ஓயவில்லை. எல்லைக் கோடு அவர்களைத் தாண்டி வந்த கதையை இந்தப் புதினங்கள் நினைவூட்டுகின்றன.

நமக்கும் இவற்றில் பாடம் உண்டு. ஜெமைமா அம்மையார் கெட்டவராகத் தொடங்கவில்லை. அவர் ஆதரித்த கோரிக்கை நியாயமானது. தொலைவில் இருந்த அடிமைக்காக அவர் உருகியதும் பொய் என்று சொல்ல முடியாது. வாசலுக்கு வந்த ஒரு குழந்தைதான் அவரை அளந்து காட்டியது. அவரைப் படைத்த எழுத்தாளரையும் அவரது பண்ணையில் மாடு மேய்த்த மனிதர்களே அளந்து காட்டுகிறார்கள். சமத்துவம் என்ற சொல்லை மேடையில் உரக்கச் சொல்பவர்கள் நாம். அந்தச் சொல்லின் எடை நம் வீட்டு வாசலில், நம் அடுக்களையில், நம் பிள்ளைகளின் திருமணத்தில்தான் நிறுக்கப்படும். பாசாங்கை எதிரியின் முகத்தில் மட்டும் தேடுகிறவருக்கு இந்நூல்கள் பாதிதான் திறக்கும்.